வந்தே பாரத் வரட்டும், வாழப்பாடி பாசஞ்சரும் வரட்டும்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று மட்டும் போடாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் சேலம் ஜங்ஷன் படம் போட்டிருந்தான். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். நகரும் படிக்கட்டு, முகப்பு வேலை, விளக்கு வெளிச்சம் எல்லாம் தெரிந்தது. கீழே "சார், நம்ம ஜங்ஷன் ஏர்போர்ட் மாதிரி ஆயிடுச்சு" என்று எழுதியிருந்தான். நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜங்ஷன் அழகானதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் முழங்கால் இருக்கிற நிலையில் அந்த லிஃப்ட் எனக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது நம் அயோத்தியாப்பட்டணம் ஸ்டேஷன். நம் ஊருக்கு ஸ்டேஷன் இருக்கிறது என்பதே இப்போதுள்ள பிள்ளைகள் சிலருக்குத் தெரியாது. "தாத்தா, அங்க டிரெயின் நிக்குமா?" என்று என் பேரன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை.

வரலாற்று வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டீர்கள், கொஞ்சம் பாடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடி மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் குறி மேற்குக் கடற்கரை. அந்தப் பாதையை அப்படியே நீட்டிக்கொண்டு போய் 1862இல் கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பேப்பூரில் சேர்த்தார்கள். போகிற வழியில்தான் சேலம். அதாவது நம் ஜங்ஷனுக்கு வயது 160க்கு மேல். இந்தியாவில் ரயில் பார்த்த முதல் சில ஊர்களில் ஒன்று நம்முடையது. இதை எந்த வகுப்பிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

"வழியில்" என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். கம்பெனிக்கு வேண்டியது சேலம் பட்டணம் அல்ல. ஜோலார்பேட்டையிலிருந்து பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை வழியாக மலைச்சந்தில் இறங்கி, சங்ககிரி, ஈரோடு என்று மேற்கே போக வேண்டும். அந்தப் பாதை திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த ஊருக்குள் வராமல், சில கிலோமீட்டர் தள்ளி சூரமங்கலத்தோடு போய்விட்டது. அன்றிலிருந்து இன்றுவரை சேலத்துக்காரனுக்கு "ஊருக்குப் போறேன்" வேறு, "ஜங்ஷனுக்குப் போறேன்" வேறு. டவுன் பஸ்ஸில் "ஜங்ஷன்" என்று தனியாகப் போர்டு போட்டிருப்பது இதனால்தான். சூரமங்கலம் என்று ஒரு பெரிய பகுதி வளர்ந்ததும் இதனால்தான்.

பெரிய பாதை ஊரை ஒதுக்கிவிட்டுப் போக, பிறகு வந்த சின்னப் பாதை ஊருக்குள்ளேயே புகுந்து வந்தது. அதுதான் விருத்தாசலம் பாதை. ஜங்ஷனிலிருந்து கிளம்பி சேலம் மார்க்கெட், சேலம் டவுன், நம் அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி கேட், ஏத்தாப்பூர் ரோடு, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் என்று போய் விருத்தாசலத்தில் சேரும். மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கினால் செவ்வாய்ப்பேட்டையும் லீ பஜாரும் பக்கம். டவுன் ஸ்டேஷனில் இறங்கினால் முள்ளுவாடி கேட். அங்கிருந்து கலெக்டர் ஆபீசும் பெரிய ஆஸ்பத்திரியும் நடக்கிற தூரம். ஊரின் நடு வயிற்றில் தண்டவாளம் இருக்கிற நகரங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பாதையால் நமக்குக் கிடைத்தது என்ன? முள்ளுவாடி கேட்டிலும் அணைமேட்டிலும் கேட் மூடிக் காத்துக் கிடந்த நேரம். கேட்டில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர், ரயிலில் ஏறியவர்கள் சில நூறு பேர். இப்போது மேம்பாலம் கட்டியாகிறது, நல்லது. ஆனால் கேட்டுக்குப் பரிகாரம் தேடியவர்கள் ரயிலுக்குப் பயன் தேடவில்லை.

நான் வேலையில் சேர்ந்த 1976இல் இது மீட்டர் கேஜ். ஜங்ஷனில் அகலப்பாதை ஒரு பக்கம், மீட்டர் பாதை ஒரு பக்கம். ஒன்றில் தண்டவாளத்துக்கு இடையே 1,676 மில்லிமீட்டர், மற்றதில் சரியாக 1,000. ஒன்றின் வண்டி மற்றதில் ஏறாது. சரக்கு வந்தால் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொரு வேகனில் ஏற்ற வேண்டும். அந்த அரை மீட்டர் சொச்சத்துக்காக எத்தனை பேர் முதுகு வளைந்திருக்கும்!

என் முதல் பள்ளி ஆத்தூர்ப் பக்கம். காலைப் பாசஞ்சரில் போவேன், சாயங்காலப் பாசஞ்சரில் வருவேன். கரி எஞ்சின். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் சாம்பல் சட்டையாகத் திரும்பும். என் அம்மா துவைக்கும்போது திட்டுவார், "நீ வாத்தியார் வேலைக்குப் போறியா, கரி அள்ளப் போறியா?" என்று. அந்த ரயிலில் நான் ஒருத்தன் மட்டும் வாத்தியார் இல்லை. ஒரு பெட்டியில் நாங்கள் ஐந்தாறு பேர் இருப்போம். ஆத்தூரில் மரவள்ளி ஆலைக்குப் போகிறவர்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள், கீரைக்கட்டும் மோர்ப்பானையும் வைத்திருக்கும் அம்மாக்கள், கல்லூரிப் பையன்கள் என்று எல்லோரும் உண்டு. பொதுத்தேர்வு நாளில் பையன்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பானிப்பட்டுப் போர் மூன்றையும் மின்னாம்பள்ளிக்கும் வாழப்பாடிக்கும் இடையே முடித்திருக்கிறேன். அப்படிப் படித்த ஒருத்தன் இப்போது இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பான். என்னப்பா, மூன்றாம் பானிப்பட்டுப் போர் எந்த வருடம்?

பிறகு அகலப்பாதையாக்கப் போகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். சில வருடம் தண்டவாளமே இல்லை. ஊரே பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. திரும்ப ரயில் வந்தபோது ஊர் ரயிலுக்குத் திரும்பவில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பழக்கம் ஒருமுறை அறுந்தால் ஒட்டவைக்க நாளாகும், அதற்கு அடிக்கடி வண்டி ஓட வேண்டும். காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று, இருட்டின பிறகு ஒன்று என்று விரல்விட்டு எண்ணும்படி ஓடினால் யார் அதை நம்பி வேலைக்குப் போவார்கள்?

இதற்கு நடுவில் ஜங்ஷன் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. மேட்டூர் அணை கட்டிய காலத்தில் ஒரு கிளைப் பாதை மேட்டூருக்குப் போயிருந்தது. ஓமலூர், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர்ப் பாதையும் மீட்டரிலிருந்து அகலத்துக்கு மாறியது. 2007 நவம்பர் 1 அன்று சேலம் தனிக் கோட்டமானது. அதற்கு முன் பாலக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டம் பிரிப்பதற்குக் கேரளத்தில் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று அப்போதைய பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 2013 மே மாதம் ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூருக்குப் பயணிகள் ரயில் ஓடியது. நாமக்கல் எவ்வளவு பெரிய ஊர்! லாரியும் முட்டையும் நாடெங்கும் போகிற ஊர். அந்த ஊர் முதன்முதலில் பயணிகள் ரயில் பார்த்தது 2013இல்தான். நாமக்கல்லில் இருக்கும் என் சித்தப்பா மகன் அன்று போன் செய்து, "அண்ணா, எங்க ஊருக்கும் ரயில் வந்துடுச்சு" என்று குழந்தை மாதிரி கத்தினான். அவனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.

ஆக இன்று சேலம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்குத் தண்டவாளம் போகிறது. ஜோலார்பேட்டை, ஈரோடு, ஓமலூர், விருத்தாசலம், கரூர். தமிழ்நாட்டில் இப்படி ஐந்து பக்கம் கை நீட்டும் ஜங்ஷன்கள் அதிகம் இல்லை. வந்தே பாரத்தும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் சென்னை-கோவை, அந்த வருடக் கடைசியில் கோவை-பெங்களூரு, 2024 ஆகஸ்ட் 31இல் மதுரை-பெங்களூரு. மூன்றும் சேலத்தில் நிற்கின்றன. பெங்களூர் மாணவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருக்கிறான். எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அவன் ஜங்ஷனில் இறங்கி அயோத்தியாப்பட்டணம் வருவது எப்படி? ஒரு பஸ் பிடித்து, மாறி, இன்னொரு பஸ் பிடித்து, நெரிசலில் நீந்தி, சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆட்டோ பிடித்தால் ரயிலில் கொடுத்த காசில் ஒரு நல்ல பங்கு. ஜங்ஷனிலிருந்து நம் ஸ்டேஷனுக்கு இருக்கும் தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தண்டவாளம் இருக்கிறது. மேலே மின்கம்பியும் இருக்கிறது. ஓடத்தான் வண்டி இல்லை.

இப்போது நான் தூங்காத கதைக்கு வருகிறேன்.

2019இல் ஏத்தாப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். அவள் அப்பா என் பழைய மாணவன், தறி வேலை. பெயர்கள் வேண்டாம். "கல்லூரி சேலத்துல சார், அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்புறது? பஸ்ஸுக்கே தினம் எவ்வளவு ஆகும்?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரயில் இருக்குடா. டிக்கெட் பத்து ரூபாயிலிருந்து. சீசன் எடுத்தா அதுவும் பாதி. டவுன்ல இறங்கினா கல்லூரிக்குப் பக்கம். நான் இந்த ரயில்லயே பத்து வருஷம் போயிருக்கேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வாத்தியார் சொன்னால் கேட்கிற தலைமுறை அவன். சேர்த்துவிட்டான். அவளும் போனாள், ஒரு வருடம் முழுசாகக்கூட இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா. நாடு முழுக்க ரயில் நின்றது. அது சரி, யாரால் என்ன செய்ய முடியும்? கல்லூரி திறந்தபோது பாசஞ்சர் உடனே திரும்பவில்லை. திரும்பியபோது அதற்கு "எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில்" என்று பெயர் மாறியிருந்தது. வண்டி அதே வண்டி, வேகம் அதே வேகம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10லிருந்து 30. இது நம் ஊரில் மட்டுமல்ல, நாடு முழுக்க நடந்தது. பழைய கட்டணத்துக்குத் திரும்பியது 2024 பிப்ரவரியில்.

நான்கு வருடம் என்பது பட்ஜெட்டில் ஒரு வரி. ஒரு பட்டப்படிப்பு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். இடையில் அந்தப் பெண் மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்தாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ராத்திரி ஏழுக்கு மேல் வீடு வந்தாள். இரண்டாம் வருட நடுவில் நின்றுவிட்டாள். ரயில் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தறி வேலையும் அப்போது படுத்திருந்தது. ஆனால் அவள் அப்பா என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. "நீங்க சொன்னீங்களே சார்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்போது அவள் ஆத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள். போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது "வாங்க தாத்தா" என்று சிரித்துக்கொண்டே புடவையை விரித்துக் காட்டினாள். எந்தப் புடவை எடுத்தேன் என்றே நினைவில்லை. வீட்டுக்கு வந்தபின் என் மனைவி திட்டினாள்.

அதனால்தான் ஏர்போர்ட் மாதிரி ஜங்ஷன் படத்துக்கு என்னால் மனசாரக் கைதட்ட முடியவில்லை.

சரி, என்ன வேண்டும் என்று சொல்லாமல் புலம்பினால் அது வாத்தியார் வேலை ஆகாது. நான் கேட்பது புதுப் பாதை இல்லை, புது ஸ்டேஷன் இல்லை. ஜங்ஷனிலிருந்து வாழப்பாடி வரைக்கும், முடிந்தால் ஆத்தூர் வரைக்கும், நாள் முழுக்கப் போய்ப் போய் வருகிற மெமு வண்டி. நடுவில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும். மெமு என்றால் தனி எஞ்சின் கிடையாது, மோட்டார் பெட்டிகளிலேயே இருக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆத்தூரில் போய் நின்றதும் ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போய் உட்கார்ந்தால் வண்டி திரும்பிவிடும். எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. சட்டென்று வேகம் பிடிக்கும், சட்டென்று நிற்கும். அடிக்கடி நிற்கிற குறுந்தூரத்துக்கென்றே செய்த வண்டி அது.

"அதெல்லாம் மெட்ராஸுக்குத்தான் சார் சரிப்படும்" என்று ஒருத்தன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். மெட்ராஸ் வேண்டாம். நம் சேலம் கோட்டத்துக்குள்ளேயே காட்டுகிறேன். கோயம்புத்தூர்-மேட்டுப்பாளையம். ஒற்றைத் தண்டவாளம், 36 கிலோமீட்டர். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று நடுவில் சின்ன ஊர்கள். அங்கே மெமு ஒரு நாளைக்குப் பல முறை போய் வருகிறது. காலையில் அந்த வண்டியில் ஏறிப் பாருங்கள், உட்கார இடம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். நம் ஜங்ஷனிலிருந்து வாழப்பாடியும் ஏறக்குறைய அதே தூரம்தான். அதே கோட்டம், அதே ஒற்றைப் பாதை, அதே மின்சாரம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஒரே வித்தியாசம், அந்த ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கமெண்டில் சொல்லுவீர்கள்.

முதல் வாதம் பஸ். "பெண்களுக்கு டவுன் பஸ்ஸே இலவசம், ரயிலில் யார் காசு கொடுத்துப் போவார்கள்?" கேள்வி நியாயமானது. 2021இல் வந்த அந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். நம் தெருவில் பூ விற்கும் அம்மா அதில்தான் தினமும் சேலம் போய் வருகிறார். ஆனால் இலவசம் டவுன் பஸ்ஸில்தான். ஆத்தூரிலிருந்து வரும் வெளியூர் பஸ்ஸில் இல்லை. ஆண்களுக்கும் இல்லை. பஸ் எவ்வளவு விட்டாலும் அது போகிற ரோடு ஒன்றுதானே? உளுந்தூர்ப்பேட்டை ரோடு நான்கு வழி என்று பெயர். புறவழிச் சாலைகள் இரண்டு வழியாகக் கட்டியதால் எத்தனை குடும்பம் அழுதது என்று வாழப்பாடி, ஆத்தூர்க்காரர்களைக் கேளுங்கள். ரயில் வந்தால் பஸ் குறைய வேண்டியதில்லை. டவுன் ஸ்டேஷன் வாசலில் இரண்டு பஸ் வந்து நின்றால் இரண்டுக்கும் கூட்டம்.

இரண்டாவது ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும், எதிர் வண்டி காத்திருக்க வேண்டும். உண்மைதான். ஆனால் இது ஜோலார்பேட்டைப் பாதை மாதிரி நெரிசலான பாதை இல்லையே. சென்னை எழும்பூர் போகிற நம் சேலம் எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி. பகலில் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஆடு மேய்கிற நேரம்தான் அதிகம். (ஆடு மேய்க்கிறவர்கள் கோபப்பட வேண்டாம், தண்டவாளத்தின் பக்கம் போகாதீர்கள், சட்டப்படி குற்றம்.)

மூன்றாவது நட்டம். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாக வாங்குகிறோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சோற்றுக்கு எவ்வளவு செலவு என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவது போல. ஆரம்பப் பள்ளி இலாபத்தில் ஓடுகிறதா? ஆரம்ப சுகாதார நிலையம்? ஏழை போகிற வண்டியை மட்டும் கணக்குப் பார்த்துத்தான் ஓட்டுவோம் என்றால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மூத்த குடிமக்கள் சலுகையும் அப்படித்தான் போனது. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்றுவரை திரும்ப வரவில்லை. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன். தறி ஓட்டி அறுபது தாண்டியவருக்கு என்ன இருக்கிறது?

நான்காவதாக ஒரு வாதம் இருக்கிறது. அதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. "விட்டாலும் ஜனங்கள் ஏற மாட்டார்கள் சார், இப்போது எல்லார் வீட்டிலும் டூவீலர்" என்று என் மருமகனே சொல்கிறார். இருக்கலாம். முதல் ஆறு மாதம் காலியாகத்தான் ஓடும் என்று நானும் நினைக்கிறேன். ஒரு வருடம் நேரம் தவறாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறமும் காலியாக ஓடினால் நிறுத்திக்கொள்ளட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஓட்டாமலே ஏற மாட்டார்கள் என்று சொல்வது, பரீட்சை வைக்காமலே பையனைப் பெயிலாக்குவது மாதிரி.

நேரம்தான் முக்கியம். காலை எட்டரைக்குள் டவுனில் இறங்க வேண்டும், சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மேல் டவுனிலிருந்து கிளம்ப வேண்டும். ஆபீஸ், கல்லூரி, ஆஸ்பத்திரி மூன்றுக்கும் அது பொருந்தும். ஆஸ்பத்திரி என்று சும்மா சொல்லவில்லை. ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள். ரயிலில் ஒரு நோயாளி காலை நீட்டி உட்காரலாம், கழிப்பறை உண்டு. சர்க்கரை வியாதி உள்ள என் அக்காவுக்கு இதன் அருமை தெரியும். வெளியூர் பஸ்ஸில் ஏறுமுன் தண்ணீர் குடிக்கவே பயப்படுவாள்.

அம்ரித் பாரத் திட்டத்தில் நம் ஜங்ஷனும் இருக்கிறது, நாமக்கல்லும் இருக்கிறது. கட்டட வேலை நடக்கட்டும். நம் அயோத்தியாப்பட்டணம் ஸ்டேஷனுக்குக் கண்ணாடி முகப்பு வேண்டாம். ஒரு விளக்கு, குடிக்கத் தண்ணீர், மழைக்கு ஒதுங்கக் கூரை, பெண்கள் பயமில்லாமல் நடந்து வரும்படி ரோட்டிலிருந்து ஒரு வெளிச்சமான பாதை, இவ்வளவு போதும். கோதண்டராமர் கோயிலுக்கு வெளியூரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்! பட்டாபிஷேகத்துக்குப் போகிற வழியில் ராமர் தங்கிய ஊர் என்று நாம் பெருமை பேசுகிறோம். அவராவது தங்கினார், இப்போது வருகிற ரயில்கள் பல தங்குவதில்லை.

கோட்ட அலுவலகம் நம் ஊரிலேயே, சூரமங்கலத்தில்தான் இருக்கிறது. முன்பு போல் பாலக்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நானும் ஓய்வு பெற்ற நண்பர்கள் மூன்று பேரும் மனு எழுதியிருக்கிறோம். உணர்ச்சி வசனம் எதுவும் வைக்கவில்லை, கணக்குத்தான். அந்தக் கணக்குக்கு உங்கள் உதவி வேண்டும். உடையாப்பட்டி, மாசிநாயக்கன்பட்டி, அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி, ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் தெருவில் தினமும் சேலத்துக்கு வேலைக்கோ படிக்கவோ போகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கமெண்டில் போட்டாலும் சரி, எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி. கல்லூரியில் வேலை பார்க்கும் மாணவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்துச் சொல்லுங்கள். பெங்களூர்க்காரா, நீ எக்ஸெல்லில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏர்போர்ட் படம் போட்டதற்கு அதுதான் உனக்கு இம்போசிஷன்.

கையெழுத்துத் தாள் என் வீட்டில் இருக்கிறது. இந்த மாதம் முழுக்கச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை திண்ணையில்தான் இருப்பேன். வருகிறவர்களுக்குக் காப்பி உண்டு, சர்க்கரை கம்மியாகத்தான் இருக்கும். ஏத்தாப்பூருக்கும் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், தறி வேலை பார்க்கும் அந்தப் பழைய மாணவனிடம். "எத்தனை தாள் சார் வேணும்?" என்று கேட்டான். மூன்று கொடுத்தேன். நேற்று போன் செய்து இன்னும் இரண்டு வேண்டும் என்றான்.